வீட்டில் செய்யும் மாதிரிகளைப் பிறரும் செய்யும்படி பகிர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், மாதம் ஒரு சனிக்கிழமை, நண்பர் ஒருவரின் கார் கொட்டகையில் நாங்கள் சிலர் கூடுகிறோம். பழைய தகர வீடுகள், கோயில் கோபுரங்கள், கரும்பு ஆலைகள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றைச் சிறிய அளவில் செய்து பார்ப்பது எங்கள் பொழுதுபோக்கு. செய்ததை டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் நண்பர்களுக்கும், சில சமயம் சென்னைக்கும் பினாங்குக்கும்கூட அனுப்புகிறோம்.

புதிதாக வருபவர்களில் பலர் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். வேலை முடிந்த பிறகே பகிர்வதைப் பற்றி நினைக்கிறார்கள். ஓர் இளைஞர் மிக அழகான தகர வீடு ஒன்றைக் கொண்டுவந்தார். “தம்பி, கூரைத் தகட்டில் இந்த நெளிவை எப்படிக் கொண்டுவந்தாய்?” என்று கேட்டேன். “மூன்று விதமாகச் செய்து பார்த்தேன் அண்ணா. கடைசியில் எது நின்றது என்று நினைவில்லை” என்றார். இடையில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அந்தக் கூரையை இனி அவரே நினைத்தாலும் மறுபடி செய்ய முடியாது.

ஆகவே கீழே உள்ள படிகளை வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். முதல் மூன்றும் பசை டப்பாவைத் திறப்பதற்கு முன்பும், வேலை நடக்கும்போதும் செய்ய வேண்டியவை. அவற்றைத் தவறவிட்டால் பிறகு ஈடு செய்ய வழியே இல்லை. மற்றவற்றைத் தாமதமாகச் செய்தாலும் சமாளித்துவிடலாம்.

முன்கூட்டியே தேவையானவை

மில்லிமீட்டர் கோடுகள் தெளிவாகத் தெரியும் எஃகு அளவுகோல் ஒன்று, கோடு போட்ட நோட்டு ஒன்று, சுமாரான கேமரா உள்ள கைபேசி, பளபளப்பில்லாத சாம்பல் நிறப் பெரிய அட்டை ஒன்று. இவை போதும். விலை உயர்ந்த கேமரா வேண்டாம். கைபேசியை அசையாமல் நிறுத்த ஒரு தாங்கி கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் இரண்டு செங்கல்லும் ஒரு ரப்பர் வளையமும் அந்த வேலையைச் செய்யும்.

1. பசையைத் திறப்பதற்கு முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு செய்திகளை எழுதுங்கள்: எதைச் செய்யப் போகிறீர்கள், எந்த அளவு விகிதத்தில், எந்தப் பொருள்களால், எந்தத் தேதியில் தொடங்கினீர்கள்.

இவற்றில் அளவு விகிதம்தான் உயிர்நாடி. பிறர் நம் வேலையிலிருந்து ஒரே ஒரு ஜன்னலை எடுத்துப் பயன்படுத்த விரும்பினாலும் அதுதான் முதல் கேள்வி. “சிறிய அளவு”, “மேசையில் வைக்கும் அளவு” என்றெல்லாம் எழுதுவதால் பயனில்லை. 1:24 (உண்மையில் 24 மி.மீ. இருப்பது மாதிரியில் 1 மி.மீ.), 1:87 என்று எண்ணாகவே எழுத வேண்டும்.

ரயில் மாதிரி செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்த நாட்டின் ரயில் பாதைகளில் பெரும்பாலானவை 1067 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை. கடையில் எளிதாகக் கிடைக்கும் மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. அதையே வைத்துக் கணக்குப் போட்டால் விகிதம் ஏறக்குறைய 1:64 ஆகிறது. ஆனால் அந்தத் தண்டவாளத்தின் மேல் 1:87 அளவில் வண்டி செய்பவர்களே அதிகம். அந்த விகிதத்துக்குத் தண்டவாளம் 12 மி.மீ. சுற்றித்தான் இருந்திருக்க வேண்டும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் தவறில்லை. எதைத் தேர்ந்தீர்கள் என்று எழுதாமல் விடுவதுதான் தவறு. 1:64 அளவில் செய்த நிலையக் கட்டடத்தை, அது தெரியாமல் ஒருவர் தம் 1:87 வண்டியின் பக்கத்தில் வைத்தால், நடைமேடை வண்டிக்குப் பொருந்தாமல் உயர்ந்து நிற்கும்.

2. அளவுகள் எங்கிருந்து வந்தன என்று பிரித்து எழுதுங்கள்

எங்கள் குழுவில் நான் விடாமல் வற்புறுத்துவது இதைத்தான்.

நாங்கள் செய்யும் வீடுகளில் பல இன்று இல்லை. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் நம் குடும்பங்கள் வாழ்ந்த மரச் சட்டமும் தகரச் சுவரும் கொண்ட வீடுகள், குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தைத் தொடர்ந்த வெளியேற்றங்களில் அழிந்தன. போய் அளந்து பார்க்கச் சுவர் இல்லை. ஒரு பழைய படமும், “வாசலில் இரண்டு படி இருந்தது” என்று சொல்லும் ஓர் ஆயாவும்தான் நமக்குக் கிடைக்கிறார்கள்.

எனவே ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். நேரில் அளந்ததற்கு “அ”. படத்திலிருந்து கணக்கிட்டதற்கு “ப”. ஒருவர் நினைவிலிருந்து சொன்னதற்கு “நி”. நீங்களே ஊகித்து வைத்ததற்கு “ஊ”. இப்படிச் செய்யாவிட்டால், நீங்கள் ஊகித்த ஜன்னல் அளவை அடுத்தவர் உண்மை என்று எடுத்துக்கொள்வார். அவரிடமிருந்து இன்னொருவர் எடுப்பார். இல்லாத ஒரு வீடு மெல்ல மெல்ல வரலாறாகிவிடும். அந்த வீடுகளில் பிறந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கும்போது அப்படி நடக்க விடக்கூடாது.

படத்திலிருந்து கணக்கிட ஒரு வழி சொல்கிறேன். நெளித் தகட்டில் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குள்ள தூரம் பெரும்பாலும் 76 மி.மீ., அதாவது 3 அங்குலம். படத்தில் சுவரின் மேடுகளை எண்ணுங்கள். 40 மேடுகள் இருந்தால் சுவர் ஏறக்குறைய 3 மீட்டர். ஆனால் இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். அங்கே ஒரே மேட்டை இரண்டு முறை எண்ணிவிடாதீர்கள். கதவு தெரிந்தால் அதைக் கொண்டு சரிபார்க்கலாம். இந்த நாட்டில் வழக்கமான கதவு 813 மி.மீ. அகலமும் 2032 மி.மீ. உயரமும் உடையது. பழைய வீடுகளில் கையால் செய்த கதவுகளும் உண்டு என்பதால் கதவை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு கணக்கும் நெருங்கி வந்தால் “ப” என்று போடுங்கள், வராவிட்டால் “ஊ”.

நினைவிலிருந்து சொன்னவரின் பெயரை எழுதுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். “பழைய கேட்டோ மேனர்வாசி ஒருவர்” என்று எழுதினாலே பலருக்குப் போதும்.

3. மறையப் போவதை, மறைவதற்கு முன் படம் எடுங்கள்

எப்போதெல்லாம் படம் எடுப்பது என்று கேட்கிறார்கள். ஒரு பாகம் இன்னொரு பாகத்தின் உள்ளே போகும்போதும், அடியில் போகும்போதும், வண்ணத்தால் மூடப்படும்போதும் எடுத்தால் போதும். கூரை ஏறினால் உள்சட்டம் தெரியாது. வண்ணம் பூசினால் எது மரம், எது அட்டை என்று தெரியாது.

தொடக்கத்தில் சொன்ன கூரைத் தகட்டையே எடுத்துக்கொள்வோம். 1:24 அளவில் 76 மி.மீ. நெளிவு ஏறக்குறைய 3.2 மி.மீ. ஆகும். எம் 24 எனப்படும், 24 மி.மீ. விட்டமுள்ள மரைக் கம்பியில் மரைகளின் இடைவெளி 3 மி.மீ. ஆக, உணவு வைக்கும் மெல்லிய அலுமினியத் தட்டை வெட்டி, பழைய சைக்கிள் டியூப்பின் மேல் விரித்து, அந்தக் கம்பியை அழுத்தி உருட்டினால் நெளிவு விழுந்துவிடும். சொல்வதற்கு இவ்வளவுதான்.

செய்யும்போதுதான் சிக்கல் தெரிகிறது. மரை சுருளாகச் செல்வதால் கோடுகள் நேராக விழாமல் சற்றுச் சாய்ந்து விழும், 100 மி.மீ. நீளத்துக்குச் சுமார் 4 மி.மீ. சாய்வு. ஆகவே தகட்டை முதலில் அளவாக வெட்டிவிட்டு உருட்டக் கூடாது. பெரிதாக உருட்டிவிட்டு, விழுந்த கோடுகளுக்கு இணையாக வெட்ட வேண்டும். இதைச் சொல்லாமல் கூரை முடிந்த படத்தை மட்டும் அனுப்பினால், படிப்பவர் பத்துத் தகடுகளைப் பாழாக்குவார். உருட்டிய பிறகு, வெட்டுவதற்கு முன், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்த ஒரே ஒரு படம் அத்தனையையும் விளக்கிவிடும்.

3 மி.மீ. என்பது 3.2 மி.மீ. ஆகாது என்பதையும் எழுதுங்கள். உண்மையான சுவரில் 40 மேடுகள் இருந்தால் மாதிரியில் 42 வரும். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுதான். ஆனாலும் பிறகு ஒருவர் உங்கள் மாதிரியைப் பார்த்து மேடுகளை எண்ணிச் சுவரின் நீளத்தைக் கணக்கிடக்கூடும்.

ஒவ்வொரு நாளும் வேலையை நிறுத்தும்போது நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். எந்தப் பசை, எவ்வளவு நேரம் காய்ந்தது, அன்று வானிலை எப்படி. வானிலையைக் கேட்டால் பலர் வியக்கிறார்கள். ஜனவரி மாத டர்பன் புழுக்கத்தில், நீர் கலந்த வெள்ளைப் பசை காயாமல் அட்டையை வளைத்துவிடும். அதே பசை ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்தில் மளமளவென்று காயும். “ஒரு மணி நேரம் காய விடுங்கள்” என்று மட்டும் எழுதினால், அது உங்கள் ஊருக்கு மட்டுமே பொருந்தும் செய்தி.

4. முடிந்த மாதிரியைப் படம் எடுக்கும் இடம்

வட அரைக்கோளத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் வடக்கு ஜன்னல் ஓரத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொல்கின்றன. வெயில் நேராக விழாத மென்மையான வெளிச்சம் அங்கே வருகிறது என்பது காரணம். டர்பன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 30 பாகையில் இருப்பதால் இங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கில்தான் நிற்கிறது. வடக்கு ஜன்னலில் வைத்தால் கூரையின் ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கம் கறுத்துப் போகும். நமக்குத் தெற்கு ஜன்னலே வேண்டும். டிசம்பர், ஜனவரியை ஒட்டிய கோடை மாதங்களில் அதிகாலையிலும் மாலையிலும் மட்டும் அங்கே சிறிது வெயில் விழும். அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

அடியிலும் பின்னாலும் சாம்பல் அட்டையை மடிப்பு விழாமல் வளைத்து வையுங்கள். பூப்போட்ட படுக்கை விரிப்பின் மேல் வைத்து எடுத்த படங்களை இன்றும் வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். வெள்ளை அட்டையும் வேண்டாம். அதன் வெண்மையைக் கண்டு கைபேசி மாதிரியை இருட்டாக்கிவிடும்.

கைபேசியை மாதிரிக்கு மிக அருகில் கொண்டுபோனால் முன்சுவர் வீங்கித் தெரியும். இரண்டடி பின்வாங்கி, படத்தைச் சற்றுப் பெரிதாக்கி எடுங்கள். பொதுவாக ஐந்து படங்கள் போதும்: முன்புறம், பின்புறம், ஒரு பக்கம், மேலிருந்து, பிறகு அந்த வீட்டு வாசலில் நிற்பவரின் கண் உயரத்திலிருந்து. கடைசிப் படத்துக்கு 1:24 மாதிரியில் கேமரா கண்ணாடி தரையிலிருந்து சுமார் 67 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். கைபேசியைத் தலைகீழாகப் பிடித்தால் அது எளிது. பலரும் மேலிருந்து மட்டும் எடுப்பதால் வீடு பொம்மையாகத் தெரிகிறது.

ஏதாவது ஒரு படத்தில் அளவுகோல் கட்டாயம் இருக்க வேண்டும். ஐந்து ரேண்ட் நாணயத்தை வைப்பவர்கள் உண்டு. சென்னையில் பார்ப்பவருக்கு அது எவ்வளவு பெரியது என்று எப்படித் தெரியும்?

5. கோப்புகளுக்குப் பெயர் வைத்தல்

கைபேசி தானாகத் தரும் எண்களை அப்படியே விடாதீர்கள். ஆண்டு, மாதம், நாள், பாகம், வரிசை எண் என்ற முறையில் “2025-03-08-கூரை-03” என்பது போலப் பெயரிடுங்கள். ஆண்டை முதலில் எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். நாளை முதலில் எழுதினால் மார்ச் 8க்குப் பக்கத்தில் ஆகஸ்ட் 8 வந்து உட்காரும்.

ஒரு மாதிரிக்கு ஒரு கோப்புறை மட்டும். அதனுள் படங்கள், வரைபடங்கள், குறிப்பு என்று மூன்று பிரிவுகள். அதற்கு மேல் பிரித்தால் நீங்களே தேடி அலைவீர்கள். மாதம் ஒருமுறை வேறொரு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

6. அனுப்பும் குறிப்பை எழுதும் வரிசை

முடிந்த மாதிரியின் படம் ஒன்றை முதலில் வையுங்கள். எதை நோக்கிப் போகிறோம் என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். அதன் கீழே பெயர், விகிதம், நீள அகல உயரம், செய்ய எடுத்த நேரம். பிறகு பொருள்களும் கருவிகளும். அதன் பிறகே செய்முறை.

பொருள்களைப் பட்டியலிடும்போது கடைப் பெயரை மட்டும் எழுதாமல், பொருள் என்ன, எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்றும் எழுதுங்கள். இங்கே கிடைக்கும் பசை பினாங்கில் கிடைக்காது. “நீரில் கரையும் வெள்ளை மரப் பசை” என்றால் எங்கும் கேட்டு வாங்கலாம்.

இருநூறு படங்கள் எடுத்திருந்தால் பன்னிரண்டு முதல் பதினைந்து வரை தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி. அந்த வரி படத்தில் தெரியாததைச் சொல்ல வேண்டும். “கூரை ஒட்டப்பட்டது” என்பது படத்திலேயே தெரிகிறது. “கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி மேலே போனேன், அப்போதுதான் மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் ஏறி நிற்கும்” என்பது தெரியாது.

ஒரே மாதிரியைப் பற்றிய செய்தியை ஐந்து நாள்களில் ஐந்து துண்டுகளாக அனுப்பாதீர்கள். நடுவே பிறர் செய்திகள் புகுந்து, மூன்றாம் துண்டு யாருக்கும் கிடைக்காமல் போகும். வேலை நடக்கும்போது ஐயம் கேட்பதற்காக அனுப்பும் படம் வேறு. முடிவான குறிப்பு ஒரே இடத்தில், ஒரே கோப்பாக இருக்கட்டும்.

தவறுகளுக்கு ஒரு தனிப் பகுதி கொடுங்கள். எது வளைந்தது, எது ஒட்டவில்லை, எதை இரண்டாம் முறை செய்தீர்கள் என்று எழுதுங்கள். இதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள். எங்கள் குழுவில் அக்கா ஒருவர், தம் கோபுர மாதிரியில் மேல் தளங்களின் சாய்வு மாறிப்போனதைப் படத்தோடு எழுதினார். அதன் பிறகு கோபுரம் செய்த எல்லோரும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள்.

7. வரைபடங்களும் முப்பரிமாணக் கோப்புகளும்

வரைபடத்தைப் பி.டி.எஃப். கோப்பாகக் கொடுக்கும்போது, அதன் மூலையில் சரியாக 100 மி.மீ. நீளமுள்ள ஒரு கோடு வரைந்து, “அச்சிட்டதும் இதை அளந்து பாருங்கள்” என்று எழுதுங்கள். அச்சு இயந்திரங்களில் “தாளுக்குப் பொருத்து” என்ற தேர்வு இருந்தால் வரைபடம் சத்தமின்றிச் சுருங்கிவிடும். நான்கு சுவர்களும் ஒரே அளவில் சுருங்குவதால் யாருக்கும் ஐயம் வராது. வெளியிலிருந்து வாங்கிய கதவைப் பொருத்தும்போதுதான் குட்டு வெளிப்படும்.

முப்பரிமாண அச்சுக்குத் தரும் எஸ்.டி.எல். கோப்பில் எண்கள் மட்டுமே இருக்கும். அவை மில்லிமீட்டரா அங்குலமா என்ற செய்தி அதில் இருக்காது. கோப்பின் பெயரிலேயே “மிமீ” என்றும் விகிதத்தையும் சேர்த்துவிடுங்கள். அங்குலம் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால் பாகம் 25.4 மடங்கு பெரிதாகும். அது உடனே தெரிந்துவிடும். விகிதம் மாறியிருந்தால் ஏழு மணி நேரம் அச்சிட்ட பிறகே தெரியும். மின்வெட்டுக்கு நடுவே காத்திருந்து அச்சிட்டவருக்கு அது எவ்வளவு வேதனை என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

8. எது யாருடையது என்று எழுதுங்கள்

ஜன்னல் வரைபடம் ஒருவருடையது, நெளிவு உருட்டும் முறை இன்னொருவருடையது, மற்றவை உங்களுடையவை என்றால் அப்படியே எழுதுங்கள். பிறருடைய கோப்பை மாற்றியிருந்தால், எதை மாற்றினீர்கள் என்பதையும்.

உங்கள் வேலையைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி சேருங்கள். “பெயர் குறிப்பிட்டு யாரும் செய்யலாம், மாற்றலாம், விற்கக் கூடாது” என்றால் எல்லோருக்கும் புரியும். படைப்புகளைப் பகிர்வதற்கென்றே உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் இதற்கு ஏற்றது உண்டு. ஒன்றும் எழுதாமல் விட்டால், நல்லவர்கள் தொடத் தயங்குவார்கள், மற்றவர்கள் தயங்க மாட்டார்கள்.

கோயில் மாதிரி செய்பவர்கள் படம் எடுப்பதற்கு முன்பே நிர்வாகத்தினரிடம் கேட்டுவிட வேண்டும். கருவறையை அளக்கவோ படம் எடுக்கவோ வேண்டாம். மாதிரியில் அந்த இடத்தை மூடிய கதவாகவே வைப்பது எங்கள் வழக்கம்.

9. அனுப்பும்போது

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும். அளவுகோலின் கோடுகள் மங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் முழுத் தெளிவு இருக்கும். ஆனால் அப்போது படத்தோடு, அது எடுக்கப்பட்ட இடமும் பதிந்திருந்தால் சேர்ந்தே போகும். உங்கள் வீட்டில் விலை உயர்ந்த கருவிகள் இருக்கின்றன என்று காட்டும் படத்தில் வீட்டின் இருப்பிடமும் இருக்க வேண்டுமா? படம் எடுக்கும் முன்பே கேமரா அமைப்பில் இடப் பதிவை நிறுத்திவிடுங்கள். சுவரில் மாட்டிய குடும்பப் படமும் குழந்தைகளின் பள்ளிச் சீருடையும் பின்னணியில் வருகின்றனவா என்றும் ஒருமுறை பாருங்கள்.

எல்லோருக்கும் அனுப்புவதற்கு முன், மாதிரி செய்யும் பழக்கமுள்ள ஒருவருக்கு மட்டும் அனுப்பி, “இதை வைத்து உங்களால் கூரையைச் செய்ய முடியுமா?” என்று கேளுங்கள். “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டால் “நன்றாக இருக்கிறது” என்ற பதில்தான் வரும்.

10. பதில்கள் வந்த பிறகு

ஒரே கேள்வியை இருவர் கேட்டால் குறிப்பில் ஏதோ விடுபட்டிருக்கிறது. அவர்களுக்குத் தனித்தனியே பதில் சொல்வதோடு நிற்காமல், குறிப்பிலேயே அதைச் சேருங்கள். திருத்திய ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்தில் “2ஆம் பதிப்பு” என்று எழுதி, தேதியும் எதை மாற்றினீர்கள் என்பதும் ஒரு வரியில் இருக்கட்டும். பழைய பதிப்பை அழித்துவிடாதீர்கள். அதை வைத்துப் பாதி வேலை முடித்தவர் ஒருவர் இருப்பார்.

“ஊ” என்று குறித்த ஓர் அளவைப் பார்த்துவிட்டு, “எங்கள் தாத்தா வீட்டில் அந்த ஜன்னல் இன்னும் தாழ்வாக இருந்தது” என்று யாராவது சொல்லக்கூடும். உடனே அழைத்துப் பேசுங்கள். பழைய படம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆயிரம் பாராட்டுகள் வந்த நாளைவிட, அப்படி ஓர் அழைப்பு வந்து, நோட்டில் “ஊ”வை அடித்து “நி” என்று மாற்றிய நாளே எனக்கு நினைவில் இருக்கிறது.